இழப்பதற்கு முன்னே சொல்ல வேண்டியவை

பலர் ஒருங்கே கூடி ஆடும் கணினி விளையாட்டு ஒன்றில் முதன்முதலாகப் பிரவேசிக்கும் ஒருவருடைய நிலையைச் சற்றே நிதானமாக எண்ணிப் பார்த்தால், அவருக்காக எழுதப்படும் வழிகாட்டி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பது பாதி விளங்கிவிடும். அவர் நுழைவது தமக்கென்றே ஆக்கப்பட்டுத் தமக்காகக் காத்திருக்கும் ஓர் உலகத்தில் அன்று. பல ஆண்டுகளாகப் பல்லாயிரம் பேர் புழங்கி, தமக்குள் வழக்கங்களையும் சந்தைகளையும் நட்பையும் பகையையும் வளர்த்துக்கொண்டுவிட்ட ஓர் உலகத்தில், எல்லோருக்கும் பிந்தியவராக அவர் வந்து நிற்கிறார். தனியொருவர் ஆடும் விளையாட்டில் தவறு நேர்ந்தால் முன்பு சேமித்து வைத்த கட்டத்திற்குத் திரும்பிப் போய் மறுபடியும் தொடங்கலாம். ஐயம் தோன்றினால் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, வேண்டிய மட்டும் படித்துத் தெளிந்து மீண்டும் வரலாம். பலர் கூடும் உலகத்தில் இவ்விரண்டு சலுகைகளும் இல்லை. அங்கே இழந்தது இழந்ததுதான். பொழுதும் எவருக்காகவும் நிற்பதில்லை. விளையாட்டு விக்கிகளில் புதியவர்களுக்கென வழிகாட்டி எழுதும் அன்பர்கள் இவ்விரண்டு உண்மைகளையும் கணநேரமும் மறவாமல் எழுதினால், மற்ற இலட்சணங்கள் எல்லாம் தாமே அவர்கள் எழுத்தில் வந்து அமையும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இவ்வகை எழுத்து நேற்றுத் தோன்றியதன்று. 1995-ஆம் ஆண்டில் தொடங்கிய கேம்ஃபேக்ஸ் என்னும் இணையக் களஞ்சியத்தில், ஆர்வலர்கள் தனித்தனியே அமர்ந்து, படமோ அலங்காரமோ இன்றி வெறும் எழுத்துகளைக் கொண்டே நீண்ட கையேடுகளை எழுதிச் சேர்த்தார்கள். அதே 1995-இல் வார்ட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்க மென்பொருள் அறிஞர், படிப்பவர் எவரும் திருத்தத்தக்க பக்கங்களைக் கொண்ட முதல் விக்கியை ஏற்படுத்தினார். 2001-இல் தோன்றிய விக்கிப்பீடியா அம்முறையை உலகறியச் செய்தது. ஆனால் விக்கிப்பீடியா தன்னைக் கலைக்களஞ்சியம் என்று வரையறுத்துக்கொண்டு, செய்முறைக் கையேடுகளுக்கும் விளையாட்டு வழிகாட்டிகளுக்கும் தன்னிடம் இடமில்லை என்று கொள்கையாகவே வகுத்தது. ஆகையால் ஒரு விளையாட்டின் நுட்பங்களை எழுத விரும்பியோருக்குத் தனி விக்கிகளே புகலிடமாயின. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வெளிவந்த 2004 நவம்பர் மாதத்திலேயே அதற்கு ஒரு விக்கி பிறந்தது. ரூன்ஸ்கேப்புக்கு 2005-இலும், மைன்கிராஃப்ட்டுக்கு 2009-இலும் விக்கிகள் அமைந்தன. கில்டு வார்ஸ் 2 என்னும் விளையாட்டிலோ, ஆட்டத்தின் நடுவே ஒரு சொல்லைத் தட்டினாலே விக்கியின் உரிய பக்கம் திறக்கும்படி அதனை ஆக்கியவர்களே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இவ்வாறு விளைந்த விக்கிகள் இன்று பல்லாயிரம் பக்கங்களாய்ப் பெருகி நிற்கின்றன. ஒவ்வோர் ஆயுதத்திற்கும், ஒவ்வொரு விலங்குக்கும், ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு; அட்டவணைகளும் சூத்திரங்களும் பதிப்பு வரலாறுகளும் உண்டு. அவற்றைத் தொகுத்தவர்களின் உழைப்பை நான் உண்மையாகவே வணங்குகிறேன். எனினும், இத்தனை அறிவு ஓரிடத்தில் குவிந்திருப்பதனால் மட்டும் புதியவருக்கு வழி தெரிந்துவிடாது. அறிந்தவருக்கு எழுதும்போது பொருளின் அமைப்பை ஒட்டி எழுதலாம். அறியாதவருக்கு எழுதும்போது அவருடைய தேவையின் வரிசையை ஒட்டியே எழுதியாக வேண்டும். இரவு வேளையில் அயலூருக்கு வந்து வழி கேட்பவரிடம் அவ்வூர்க் கோயிலின் தல வரலாற்றைத் தொடங்குவார் உண்டா? மேற்கே போகும் பாதையில் கைப்பிடிச் சுவரில்லாத கிணறு ஒன்று கிடக்கிறது என்பதையே எவரும் முதலில் சொல்வார்.

மைன்கிராஃப்ட்டை ஓர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம்; நம் வீட்டுப் பிள்ளைகளும் நன்கு அறிந்த விளையாட்டு அது. 2009 மே மாதத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த அவ்விளையாட்டு, தொடக்கத்தில் தன்னைப்பற்றி ஒன்றுமே சொல்லாத சுபாவம் உடையதாய் இருந்தது. மரத்தை வெட்டலாம் என்றோ, ஒரு மரக்கட்டையிலிருந்து நான்கு பலகைகள் கிடைக்கும் என்றோ, நான்கு பலகைகளைச் சேர்த்தால் ஒரு வேலைமேசை ஆகும் என்றோ, இரண்டு குச்சிகளோடு மூன்று கற்களை எந்த வடிவில் வைத்தால் ஒரு குந்தாலி ஆகும் என்றோ அது வாய்திறந்து கற்பிக்கவில்லை. செய்முறைகளைக் காட்டும் புத்தகம் ஒன்று கணினிப் பதிப்பினுள்ளேயே சேர்க்கப்பட்டது 2017 ஜூன் மாதத்தில்தான். அதுவரையில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், விளையாட்டு ஒரு சாளரத்திலும் விக்கி மற்றொரு சாளரத்திலுமாகத் திறந்திருக்க, ஒரு தலைமுறைப் பிள்ளைகள் முன்பின் அறியாத யாரோ எழுதிய பக்கங்களையே ஆசானாகக் கொண்டு கற்றார்கள். விளையாட்டு விக்கி என்பது ஆட்டத்திற்கு வெளியே நிற்கும் ஒரு குறிப்பேடு என்று கருதுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

அவ்வுலகத்தில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடங்கள். அதில் நல்ல பகல் வெளிச்சம் சுமார் 10 நிமிடங்கள். இருள் கவிந்ததும் பிணப்பேய்களும் எலும்புக்கூடுகளும் வெடித்துச் சிதறும் கிரீப்பர்களும் வெளிப்படும். தனியே ஆடுபவர் நிறுத்தற் பொத்தானை அழுத்தினால் கதிரவனே நின்றுவிடும்; ஆனால் பலர் கூடி ஆடும் சர்வரில் அவ்வாறு நிறுத்த எவருக்கும் அதிகாரமில்லை. ஆகவே முதல் நாளைப் பற்றிய வழிகாட்டியைப் படிப்பவர், தம் தலைக்குமேல் கதிரவன் மேற்கே நகர்ந்துகொண்டிருக்கும்போதே படிக்கிறார். அவருக்காக எழுதும் பக்கம் 30 நிமிட வாசிப்புக்கு நீளுமாயின், அதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாகவே இருந்தபோதிலும் அப்பக்கம் அவருக்குப் பயன்படாது. வழிகாட்டியின் நீளத்தை நிர்ணயிக்க வேண்டியது எழுதுபவரிடம் உள்ள சரக்கு அன்று. படிப்பவரிடம் உள்ள பொழுதே ஆகும். இதனை நான் எந்த விளையாட்டின் விக்கியிலும் முதல் விதியாக வைப்பேன்.

படுக்கை என்னும் எளிய பொருளைப் பற்றி இரண்டு விதமாக எழுதிப் பார்த்தால் வேற்றுமை தெளிவாகும். ஒருவர் இவ்வாறு தொடங்கக்கூடும்: படுக்கை என்பது பதினாறு நிறங்களில் கிடைக்கும் ஒரு பொருள், அது முதன்முதலில் இன்ன பதிப்பில் சேர்க்கப்பட்டது, அதன் நிறத்தைச் சாயமிட்டு மாற்றுவதில் பதிப்புக்குப் பதிப்பு இன்ன வேறுபாடு உண்டு. இவை யாவும் மெய்யே; கலைக்களஞ்சியத்தில் இருக்கவேண்டியவையே. மற்றொருவர் எழுதுகிறார்: "பொழுது சாய்வதற்குள் ஒரே நிறமுள்ள மூன்று ஆடுகளிடமிருந்து கம்பளி சேருங்கள், அதனோடு மூன்று பலகைகளை வைத்துப் படுக்கை செய்யுங்கள், நான்கு புறமும் அடைத்த இடத்தில் அதனைப் போட்டு உறங்குங்கள், அதன்பின் நீங்கள் இறக்க நேர்ந்தாலும் அந்தப் படுக்கையருகே மீண்டும் பிறப்பீர்கள். ஆனால் நெதர் என்னும் பாதாள உலகத்தில் ஒருபோதும் படுக்கை விரித்து உறங்க முயலாதீர்கள், அது வெடிக்கும்." இரண்டாமவருடைய எழுத்தில் என்ன செய்வது என்பதும், அதனால் என்ன பயன் என்பதும், எங்கே அது நஞ்சாகும் என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கலைக்களஞ்சிய எழுத்தாளர் விட்டுவிட மாட்டார். ஆயினும் நிறங்களையும் பதிப்புகளையும் சொல்லி முடித்து எட்டாவது பத்தியில் அவர் அதனை வைத்தால், படிப்பவர் அங்கு வந்து சேர்வதற்கு முன்னமே வெடித்துப் போயிருப்பார்.

மீட்க முடியாத இழப்பைப் பற்றிப் பேசும்போது ஈவ் ஆன்லைன் என்னும் விண்வெளி விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விஷயத்தில் அதனினும் கடுமையான ஆசான் பிரபலமான விளையாட்டுகளுள் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யாவிக் நகரத்தைச் சேர்ந்த சி.சி.பி. நிறுவனம் 2003 மே மாதத்தில் வெளியிட்ட அவ்விளையாட்டில், ஆயிரக்கணக்கானோர் ஒரே விண்வெளியில் ஒருங்கே வாழ்கிறார்கள். ஒருவர் பல வாரம் உழைத்து வாங்கிய கப்பல் போரில் உடைந்தால், அக்கப்பல் திரும்புவதில்லை. காப்பீடு எடுத்திருந்தால் கப்பலின் உடலுக்கு மட்டும் ஓரளவு ஈடு கிடைக்கும்; அதில் பொருத்திய கருவிகளுக்கும் ஏற்றிய சரக்குக்கும் கிடைக்காது. இழக்கத் தாங்காத கப்பலில் ஏறாதே என்பது அங்குள்ள மூத்த ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் புதியவருக்குச் சொல்லும் உபதேசம்.

அவ்விண்வெளியின் ஒவ்வொரு மண்டலத்திற்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 1.0 முதல் 0.5 வரையில் உள்ளவை உயர் பாதுகாப்பு மண்டலங்கள், 0.4 முதல் 0.1 வரை தாழ்ந்த பாதுகாப்பு. அதற்கும் கீழே பாதுகாப்பே இல்லை. இந்த அட்டவணையை மட்டும் ஒரு வழிகாட்டியில் படித்த புதியவர், உயர் பாதுகாப்பு மண்டலத்தில் தமக்கு ஆபத்தில்லை என்று நம்புவது இயல்பே. ஆனால் அங்கே காவல் புரியும் கான்கார்டு என்னும் படை, தாக்கியவனைத் தண்டிக்குமேயன்றித் தாக்கப்பட்டவனைக் காப்பாற்றுவதில்லை. தாக்குதல் தொடங்கிய சில விநாடிகள் கழித்தே அது வந்து சேரும். பாதுகாப்பு எண் குறையக் குறைய அது வரும் தாமதமும் மிகும். ஆகவே விலையுயர்ந்த சரக்கை ஏற்றிக்கொண்டு மெலிந்த கப்பலில் செல்பவரைக் கண்டால், மலிவான கப்பல்கள் பலவற்றில் வந்து, தம் கப்பல்கள் அழியும் என்பதை நன்கு தெரிந்தே தாக்குவோர் உண்டு. உடைந்த கப்பலின் சரக்கில் ஒவ்வொரு பொருளும் பிழைத்து மிதப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு; அவ்வாறு மிதப்பவற்றின் விலை தாம் இழக்கும் கப்பல்களின் விலையைவிட மிகுமானால் தாக்குதல் அவர்களுக்கு இலாபம். கணக்கு அவ்வளவுதான். ஜீட்டா என்னும் பெருஞ்சந்தைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்றில் உள்ள உயெடாமா என்னும் 0.5 மண்டலம் இதற்காகவே பெயர் பெற்றது.

இப்பொழுது எழுதுபவரின் கடமையை எண்ணிப் பாருங்கள். உயர் பாதுகாப்பு மண்டலம் பாதுகாப்பானது என்று எழுதுவது எளிது, சுருக்கமாகவும் இருக்கும், பெரும்பாலான நாட்களில் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்த எளிமை புதியவரை அவர் தம் செல்வம் முழுவதையும் ஒரே கப்பலில் ஏற்றும் அன்றைய தினத்தில் கைவிட்டுவிடும். மறுபுறம், தாக்குதலின் சூத்திரங்களையும் விநாடிக் கணக்குகளையும் முழுதாக எழுதினால் அவர் மருண்டு படிப்பதையே நிறுத்திவிடுவார். நல்ல வழிகாட்டி இவ்விரண்டுக்கும் நடுவே, "காவற்படை பழிவாங்கும், காப்பாற்றாது. ஆகையால் கப்பலுக்குள் இருப்பதன் விலை அதைத் தாக்குவோர் இழக்கும் கப்பல்களின் விலையை மிஞ்சாதபடி பார்த்துக்கொள்" என்று இரண்டே வாக்கியங்களில் சொல்லி, விரிவை வேறொரு பக்கத்திற்கு இணைப்பாகக் கொடுத்துவிடும். எளிமை என்பது உண்மையைக் குறைப்பதன்று. உண்மைகளுள் எது இப்பொழுதே தேவை, எது நாளைக்குப் போதும் என்று பிரித்து வைக்கும் விவேகமே அது. அந்த விவேகம் வருவதற்கு விளையாட்டை ஆழ்ந்து அறிந்திருக்கவும் வேண்டும்.

முதிர்ந்தோரும் சிறியதொன்றைக் கவனியாமல் பெரியதை இழப்பது அங்கே சரித்திரமாகவே பதிவாகியிருக்கிறது. 2014 ஜனவரி மாத இறுதியில் பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் நடந்த பெரும்போர், அம்மண்டலத்தின் உரிமைக்காகக் கட்டவேண்டிய ஒரு கட்டணம் உரிய காலத்தில் செலுத்தப்படாமற் போனதிலிருந்து மூண்டது. முடிவில் டைட்டன் எனப்படும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் அவ்விழப்பை 3,00,000 டாலர் அளவுக்கு மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கணக்காக ஆடியவர்களுக்கே இது நேருமாயின், நேற்று வந்தவருக்கு இத்தகைய சிறு கவனக்குறைவின் விளைவை முன்கூட்டிச் சொல்லிவைப்பது அத்தியாவசியமன்றோ?

இழப்பு இயந்திரத்தால் மட்டும் வருவதில்லை, மனிதராலும் வரும். 2001 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த ரூன்ஸ்கேப்பில், உன் கவசத்திற்குப் பொன்விளிம்பு கட்டித் தருகிறேன், சற்றே கொடு என்று கேட்டு வாங்கிக்கொண்டு மறைவோரும், நீ கொடுக்கும் காசை இரட்டித்துத் தருகிறேன் என்று சந்தையருகே கூவுவோரும், இங்கே கடவுச்சொல்லைத் தட்டினால் அது நட்சத்திரக் குறிகளாக மாறிவிடும், நீயும் தட்டிப் பார் என்று சிறுவர்களை ஏய்ப்போரும் பழங்காலந்தொட்டே உண்டு. விளையாட்டின் விதிகளைக் கற்பிக்கும் வழிகாட்டி இவற்றைத் தன் எல்லைக்குப் புறம்பானவை என்று ஒதுக்கலாகாது. பலர் ஆடும் உலகத்தில் மனிதர்களே விதிகளில் பெரும்பாதி. கவசத்தை இழந்த பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு, அவனை ஏய்த்தது விளையாட்டின் நிரலா, எதிரே நின்ற ஆளா என்ற பாகுபாட்டினால் ஆவதென்ன? முதற்பக்கத்திலேயே, உன் கவசத்தைக் கையில் வாங்கிப் பொன்விளிம்பு கட்டித் தரும் வசதி எதுவும் இவ்விளையாட்டில் கிடையாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவன் தப்பியிருப்பான்.

அதே ரூன்ஸ்கேப்பில், புதியவரின் மனத்தைக் காப்பதற்காகவே சொல்லவேண்டிய ஓர் எண் உண்டு. ஒரு கலையில் 99-ஆம் படியை எட்டுவதற்கு 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். அதில் சரிபாதி 92-ஆம் படியில்தான் வருகிறது. அதாவது 92 படிகள் ஏறியவர் இன்னும் பாதி வழியிலேயே நிற்கிறார். இதனை முதல் நாளிலேயே அச்சுறுத்தலாகச் சொல்வதும் தவறு. ஒரேயடியாக மறைப்பதும் தவறு. தொடக்கப் படிகள் நாள்தோறும் விரைந்து ஏறுவதைக் கண்டு மகிழும் ஒருவர், பின்னர் ஏன் வேகம் குறைந்தது, தாம் ஏதேனும் தவறாகச் செய்கிறோமோ என்று வருந்தும் கட்டம் ஒன்று வரும். அக்கட்டத்திற்குரிய பக்கத்தில் இவ்வெண்ணைச் சொன்னால் அது ஆறுதலாக அமையும். ஒரே செய்தி, வைக்கும் இடத்தைப் பொறுத்து மருந்தாகவும் சுமையாகவும் மாறுவதை இங்கே காணலாம்.

பிறர் முன்னிலையில் நடந்துகொள்ளும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைன்கிராஃப்ட் சர்வரில், வேறு ஏற்பாடு செய்யப்படாத இடத்தில், மேலுலகம் எனப்படும் வழக்கமான உலகில் உள்ள எல்லோரும் படுத்தால்தான் இரவு கழியும். சுரங்கத்தில் தோண்டிக்கொண்டிருக்கும் ஒரு புதியவர், தாம் அறியாமலே மற்ற அனைவருடைய இரவையும் நீட்டிவிடுகிறார். பிறர் வயலில் கோதுமையை அறுத்தால் விதையைத் திரும்ப ஊன்ற வேண்டும் என்பதும் அத்தகைய வழக்கமே. விளையாட்டு அதைக் கட்டாயப்படுத்துவதில்லை, அயலார் எதிர்பார்க்கிறார்கள். குழுவாகச் சென்று குகைப்போர் புரியும் விளையாட்டுகளிலோ, ஒருவர் நிற்கும் இடம் தவறினால் உடன் வந்த அனைவரும் மாள்வர். புதியவர் அஞ்சுவது அங்கே சாவுக்கு மட்டும் அன்று. முன்பின் அறியாத நால்வரிடம் ஏச்சு வாங்கும் அவமானத்துக்கும் சேர்த்துத்தான். என்ன எதிர்பார்ப்பார்கள் என்பதை முன்னமே அறிந்து செல்பவர் தைரியத்தோடு செல்வார். தெரியாததை, நான் புதியவன், சொல்லுங்கள் என்று கேட்கவும் கூசமாட்டார்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழூஉக்குறிகள் எந்தத் துறையிலும் உண்டு. அவற்றை ஒழிக்கவும் முடியாது, ஒழிக்கவும் கூடாது, ஏனெனில் நாளைக்குப் புதியவர் அவற்றைத் தோழர்கள் வாயிலாகக் கேட்கத்தான் போகிறார். முதன்முறை வரும் இடத்தில், அந்த வாக்கியத்திலேயே, பொருள் சொல்லிவிட்டால் போதும். பக்கத்தின் அடியிலோ வேறொரு பக்கத்திலோ போய்ப் பார்க்கச் செய்தால், பொழுது நகரும் உலகத்தில் நிற்கும் அவர் போகமாட்டார். படத்தைப் போட்டால் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். பொத்தானின் பெயரைத் திரையில் உள்ளபடியே எழுத வேண்டும். செய்யச் சொல்வதை ஏவலாகச் சொல்லிவிட்டு, ஏன் என்பதை அரை வாக்கியத்தில் சேர்க்க வேண்டும். காரணம் தெரிந்தவர்தான் சூழ்நிலை மாறும்போது தாமே முடிவு செய்வார்.

சூழ்நிலையோ மாறிக்கொண்டே இருக்கிறது. இதுவே இவ்வகை எழுத்தின் பெரும் துயரம் என்று சொல்லலாம். 2021 நவம்பர் இறுதியில் வந்த மைன்கிராஃப்ட் 1.18 பதிப்பு உலகத்தின் அடித்தளத்தையே 0-இலிருந்து கழித்தல் 64-க்கு இறக்கிவிட்டது. அதற்கு முன் வைரம் தேடுவோர் 11, 12 என்னும் மட்டங்களில் தோண்டினார்கள். அதன்பின் கழித்தல் 59-ஐ ஒட்டிய ஆழமே சிறந்ததாயிற்று. வெளிச்சம் 7 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் பேய்கள் தோன்றும் என்றிருந்த விதி, விளக்கொளி அறவே இல்லாத இடத்தில் மட்டும் தோன்றும் என்று மாறியது. ஈவ் ஆன்லைனிலும் ஒரு காலத்தில், இறக்குமுன் உன் மாற்றுடலைத் தரம் உயர்த்திக்கொள், இல்லையேல் கற்ற கலைகளை இழப்பாய் என்பதே புதியவருக்குத் தலையாய எச்சரிக்கையாக இருந்தது. 2014 டிசம்பரில் அவ்விதியே நீக்கப்பட்டது. முன்பு உயிர்காத்த வாக்கியம் மறுநாள் வெறும் குழப்பமாய் நின்றது. ஆகவே ஒவ்வொரு வழிகாட்டியின் தலைப்பிலும், இது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது, கடைசியாக எப்பொழுது ஆடிச் சரிபார்க்கப்பட்டது என்று குறிப்பது படிப்பவருக்குச் செய்யும் மரியாதையாகும். மாறக்கூடிய எண்களைப் பத்துப் பக்கங்களில் சிதறவிடாமல் ஒரே பக்கத்தில் வைத்து மற்றவற்றை அதனோடு இணைப்பதும் இந்த நோக்கத்திற்கே.

விக்கிகளும் வீடு மாறுகின்றன. ரூன்ஸ்கேப் விக்கியின் தொகுப்பாளர்கள் 2018 அக்டோபரிலும், மைன்கிராஃப்ட் விக்கியின் தொகுப்பாளர்கள் 2023 செப்டம்பரிலும் பழைய தளத்தை விட்டுத் தனி முகவரிக்குச் சென்றார்கள். எழுதியவர்கள் வெளியேறினாலும், அவர்கள் எழுதிய பக்கங்களின் பழைய நகல் முந்தைய இடத்திலேயே நிற்கும். தேடுபொறியில் வந்து விழும் புதியவர் எது பெரும்பாலான தொகுப்பாளர்கள் இன்று பேணுவது, எது அவர்கள் விட்டுச் சென்றது என்று எவ்வாறு அறிவார்? பக்கத்தின் மேலே உள்ள அந்தத் தேதி ஒன்றே அவருக்குத் துணை.

பல கைகள் சேர்ந்து எழுதுவதில் உள்ள ஒரு தீங்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நன்றாக எழுதப்பட்ட ஒரு தொடக்க வழிகாட்டியின் கீழ், அறிந்தவர் ஒருவர் வந்து ஒரு விதிவிலக்கைச் சேர்க்கிறார். மற்றொருவர் அவ்விதிவிலக்குக்கு ஒரு விதிவிலக்கைச் சேர்க்கிறார். மூன்றாமவர் தமக்குப் பிரியமான குறுக்கு வழியை நுழைக்கிறார். ஒவ்வொரு சேர்க்கையும் தனியே பார்த்தால் சரியானது. இரண்டு ஆண்டுகள் கழிந்தபின், படுக்கை செய்யும் வாக்கியத்தைத் தேடித்தான் காண வேண்டியிருக்கும். தவறான வாக்கியத்தை நீக்குவது எளிது. சரியான வாக்கியத்தை இடமறிந்து நீக்குவதற்கே துணிவு வேண்டும். நீக்கியதை அழித்துவிடாமல் அதற்குரிய விரிவான பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, ஏன் நகர்த்தினோம் என்பதைத் திருத்தக் குறிப்பில் நயமாக எழுதும் தொகுப்பாளரே தொடக்கப் பக்கங்களின் மெய்யான காவலர். அவர் பெயர் எவருக்கும் தெரிவதில்லை. அவர் எண்ணிக்கையில் சேர்த்த சொற்களைவிடக் குறைத்தவையே அதிகமாக இருக்கும். அவ்வாறிருந்தும் அவர் அதனைத் தொடர்ந்து செய்கிறார் என்பது எனக்கு இவ்வுலகத்தின் மிகச் சிறந்த காட்சிகளுள் ஒன்றாகப் படுகிறது.

போட்டி நிறைந்த ஓர் உலகத்தில் இவர்கள் ஏன் எழுதுகிறார்கள்? அறியாதவர் நிரம்பியிருப்பதே அறிந்தவருக்கு இலாபம் அல்லவா? ஈவ் ஆன்லைனில் 2004-ஆம் ஆண்டு முதல் ஈவ் யுனிவர்சிட்டி என்னும் பெயரில் ஆட்டக்காரர்களே நடத்திவரும் ஒரு கல்விக்கூடம் உண்டு. புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு கப்பலோட்டவும் வணிகம் செய்யவும் அணிவகுத்துப் போரிடவும் கற்பிப்பதே அதன் தொழில். அதன் விக்கியையோ, அங்கே பயின்றவர் மட்டுமன்றி எவரும் படிக்கலாம். அங்கே கற்றவர்கள் பின்னர் தாம் விரும்பிய அணிகளில் சேர்ந்துவிடுகிறார்கள். நேற்றுக் கற்பித்தவரை நாளைப் போரில் எதிர்த்து நிற்கவும் கூடும். இதனைத் தெரிந்தே அவர்கள் கற்பிக்கிறார்கள். புதியவர்கள் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் இழந்து மனமுடைந்து வெளியேறிக்கொண்டிருந்தால், நாளடைவில் அவ்விண்வெளியில் எதிரிக்கும் ஆள் இராது, நண்பருக்கும் ஆள் இராது என்பது ஒரு காரணம். அதற்கும் மேலாக, தாம் நள்ளிரவில் வழி தெரியாமல் திகைத்து நின்றபோது யாரோ எழுதிவைத்த ஒரு வரியால் தப்பியதை அவர்கள் மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இத்தகைய பக்கங்களை எழுதத் தகுதியானவர் பத்தாண்டு ஆடியவர் மட்டுமே என்று எண்ணிப் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள், அது சரியன்று. பத்தாண்டு ஆடியவருக்கு உண்மைகள் தெரியும். எது புதியவருக்குப் புரியாது என்பது அவருக்கு மறந்துபோயிருக்கும். இரண்டு வாரம் ஆடியவருக்கு அது நேற்று நடந்ததுபோல ஞாபகம் இருக்கும். முன்னவர் எழுதி, பின்னவர் படித்து, எந்தச் சொல்லில் நின்றேன், எந்தப் பொத்தானைத் திரையில் காணவில்லை, எதை முன்னமே சொல்லியிருந்தால் என் கப்பல் பிழைத்திருக்கும் என்று உரையாடல் பக்கத்தில் குறித்துவைத்தால், அந்தக் குறிப்புகளைக்கொண்டே முன்னவர் பக்கத்தை மறுபடியும் வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு வழிகாட்டியோடும் அத்தகைய ஓர் உரையாடல் பக்கம் ஏற்கெனவே இணைந்திருக்கிறது; பெரும்பாலும் அது வெறுமையாகவே கிடக்கிறது. விளையாட்டைத் தொடங்கி இரண்டு வாரமே ஆன அன்பர்கள், அறிவு முற்றட்டும் என்று காத்திராமல், இன்றே அங்கே போய்த் தாம் இடறிய இடத்தை எழுதலாம்.